அமைச்சர் வாசித்த பாதிக் கதை

மர்கரீத்துக்கு மன்னிப்புக் கேட்பதுதான் உத்தியோகம். தன் பேரில் அல்ல, அரசாங்கத்தின் பேரில். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரீசுக்கு வந்து, ஒரு அமைச்சகத்தில் உரை எழுதும் பிரிவில் உட்கார்ந்தவள், தலை நரைத்தும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாலம் இடிந்தால், வெள்ளம் வந்தால், பழைய பாவம் ஏதாவது பத்திரிகையில் தலைகாட்டினால், மேலிடத்திலிருந்து ஆள் வரும். "மதாம், பக்குவமாக நாலு வார்த்தை" என்பார்கள். பக்குவம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பாம்பும் சாகக் கூடாது, கோலும் முறியக் கூடாது.

வருந்துகிறோம் என்று எழுதலாம். மன்னியுங்கள் என்று எழுதினால் சட்டப் பிரிவிலிருந்து ஓடி வருவார்கள். 'கொடுமை செய்தோம்' கூடவே கூடாது. 'கொடுமைகள் நேர்ந்தன' என்றால் ஒருவருக்கும் உறுத்தாது. மழை நேர்ந்த மாதிரி, காய்ச்சல் நேர்ந்த மாதிரி கொடுமையும் நேர்ந்துவிட்டது, பாவம் அரசாங்கம் என்ன செய்யும்? இப்படிப் பூசி மெழுகினால் உரை பிணம்போலக் கிடக்கும் அல்லவா, அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. நடுவிலே ஒரு நிஜமான ஆளை, நிஜமான ஒரு சம்பவத்தைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அந்த இடத்தில் கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். அவளுடைய கணவர் தியரி, தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர், சாப்பாட்டு மேசையில் கேலியாகக் கேட்பார்: "என்னா, இன்னைக்குப் பேச்சுக்கு உசுரு வச்சாச்சா?"

நல்ல மனுஷிதான் மர்கரீத், அதில் சந்தேகம் வேண்டாம். யார் வீட்டில் நோவு என்றாலும் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவள். கெட்டவள் செய்த கதை என்றால் நானும் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாரீசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் அவள் குடியிருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் ஆரெலி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரெஞ்சு கயானாவின் ஆற்றங்கரை ஆதிக்குடியில் பிறந்தவள். ஒரே கட்டடத்தில் இருந்தும் இருவரும் முதலில் பேசிக்கொண்டது தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில், யாழ்ப்பாணத்துக்காரர் மகேந்திரராசாவின் பலசரக்குக் கடையில். மரவள்ளிக் கிழங்குப் பெட்டிக்கு முன்னால் நின்று ஆரெலி ஒவ்வொரு கிழங்காக முறித்து உள்ளே வெள்ளையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகேந்திரராசா கல்லாவிலிருந்து கத்தினார். மர்கரீத் சமாதானம் செய்யப் போய், முறித்த கிழங்கில் பாதியைத் தானே வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம் இருபது வருஷமாகியும் விடவில்லை. இருவரும் பேசுவது பிரெஞ்சில்தான். ஆனால் மர்கரீத்தின் மனசில் அது புதுச்சேரித் தமிழாகத்தான் பதியும். நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மர்கரீத்தின் சமையலறையில் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே ஆரெலி தன் அம்மாவின் கதையைச் சொன்னாள். அம்மா பெயர் செலெஸ்தின். அந்தக் காலத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து, படகில் ஏற்றிக் கொண்டுபோய், கன்னியாஸ்திரீகளின் விடுதியில் அடைத்தார்கள். அரசாங்கம்தான் ஏற்பாடு. பிள்ளைகள் தங்கள் பாஷையில் வாயைத் திறக்கக் கூடாது.

"அம்மாவுக்கு அப்ப ஏழு வயசு. தம்பிய அஞ்சு வயசுல கொண்டாந்து பையனுங்க பக்கம் விட்டாங்க. வேலி வழியா அக்காவைப் பார்த்துட்டான். எங்க பாஷையில அக்கா, அக்கான்னு கூப்பிட்டான். பக்கத்துல கன்னியாஸ்திரீ நின்னுட்டிருந்தா. அம்மா பயந்துபோயி முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. யாரு அவன், உனக்குத் தெரியுமான்னு அவ கேட்டா. தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த மர்கரீத்தின் கத்தி நின்றுவிட்டது.

"அவன சரளைக் கல்லு மேல முழங்கால் போட வச்சாங்க. அதப் பார்த்ததும் அம்மாவுக்குத் தாங்கல. வேலியில நுழைஞ்சு ஓடி, அவன் பக்கத்துல போயி முழங்கால் போட்டு, எல்லாருக்கும் கேக்கறாப்புல எங்க பாஷையிலயே அவன்கிட்ட பேசினாங்க. தம்பி, நான் இருக்கேன்னு. சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் கல்லுலதான். அந்த மழைக்காலத்துல ஜுரம் வந்து அவன் போயிட்டான். அம்மாவுக்கு, தான் ஓடிப்போனது ஞாபகம் இல்ல, தெரியாதுன்னு சொன்னது மட்டுந்தான் ஞாபகம். சின்னம்மாவுக்குக்கூட இதச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடினப்ப ஜுர வேகத்துல எங்கிட்ட முழுசா சொன்னாங்க, பொழச்சு எழுந்ததும் பாதி மறந்துடுச்சு. உன்னோட போகட்டும்."

"யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றாள் மர்கரீத். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

வசந்தம் வந்ததும் அந்த விடுதிகளுக்காக ஆதிக்குடிகளிடம் அரசாங்கம் வருத்தம் தெரிவிக்கப் போகிறது என்று முடிவாயிற்று. கயானாவிலிருந்து முதியவர்கள் சிலரைப் பாரீசுக்கு அழைத்தார்கள். செலெஸ்தின் அவர்களில் ஒருத்தி. பக்கத்துணையாக அவள் தங்கை, ஆரெலியின் சின்னம்மா. உரை மர்கரீத்தின் மேசைக்கு வந்தது. ஆரெலி படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் எழுதறியாமே. நல்லா எழுது. அம்மா வேற ஒண்ணும் கேக்கல. செஞ்சவங்க வாயால, நாங்க செஞ்சோம்னு ஒரு தடவை சொல்லணும். சின்னம்மா பக்கத்துல உக்காந்து அதக் கேக்கணும். அதுக்காகத்தான் அந்த உடம்பை வச்சுக்கிட்டு வராங்க."

மர்கரீத் எழுதினாள். வருந்தினாள், நினைவுகூர்ந்தாள், தலை வணங்கினாள். 'நாங்கள் செய்தோம்' என்பதை மூன்று வரைவில் வைத்தாள், மூன்று வரைவிலும் சட்டப் பிரிவு அதை எடுத்தது. கடைசியில் உரை வழக்கம்போலப் பிணமாகக் கிடந்தது. அப்போதுதான் அவள் கை அந்த வேலிக்குப் போயிற்று. பெயர் எழுதவில்லை, ஊர் எழுதவில்லை. ஒரு சிறுவன், ஒரு சிறுமி, அவ்வளவுதான். முழுக் கதையையும் எழுதினாள்.

வீட்டில் தியரியிடம் வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஆரெலிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டியா?"

"பேரு போடலைங்களே."

"அதக் கேக்கல நான்."

கேட்கத்தான் நினைத்தாள். ஆரெலிக்கு ஆஸ்பத்திரியில் வேலை மாறி மாறி வந்தது, அம்மாவை அழைக்க விமான நிலையம் போக வேண்டியிருந்தது, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம் அடியில் இருந்தது. அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் அமைச்சரின் ஆலோசகர் பிராங்க் வந்தான். நேற்று முளைத்த காளான், ஆனால் அமைச்சரின் காது அவன் பக்கம்தான்.

"மதாம், அந்தக் குழந்தைகள் கதை அற்புதம். ஆனால் கல்லில் முழங்கால் போட வைத்தது தண்டனை. தண்டனை என்று அமைச்சர் வாயால் வந்தால், தண்டித்தது யார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்பார்கள். அந்தப் பகுதி வேண்டாம். சிறுமி தெரியாது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் முழுக் கதையையும் எடுத்துவிடுவோம்."

மர்கரீத் தாளைப் பார்த்தாள். முழுக் கதையையும் எடுத்தால் உரையில் ஒன்றுமே இல்லை. பாதியில் நிறுத்தினால், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இன்னும் அழகாக இருந்தது. தெரியாது என்ற சொல் ஊசிபோல இறங்கியது. அவள் மீதியை வெட்டினாள்.

விழா மண்டபத்தில் மேலே தங்கப் பூச்சு, கீழே சிவப்புக் கம்பளம். மர்கரீத் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் செலெஸ்தின், பெரிய கம்பளிக் கோட்டுக்குள் சின்ன உடம்பு, கழுத்தில் பாசிமணிகள். தங்கையும் அவளும் கை கோத்துக்கொண்டு இருந்தார்கள். அமைச்சர் நன்றாகவே வாசித்தார். தவறுகள் நேர்ந்தன. பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். மொழிகள் ஒடுக்கப்பட்டன. பிறகு, மர்கரீத் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சிறுவன் தன் அக்காளைத் தன் மொழியில் அழைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனைத் தெரியுமா என்று கேட்டபோது, தெரியாது என்றாள்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மர்கரீத்துக்கு, சொன்னால் வெட்கம், ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் முன்வரிசையைப் பார்த்தாள். தங்கை அக்காளின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டிருந்தாள். வந்திருந்தவர்கள் அறிய அந்த விடுதிக்குப் போன அக்காள் தம்பி என்றால் செலெஸ்தினும் இறந்துபோன தம்பியும்தான். பெயர் எழுதாவிட்டால் என்ன, விலாசமே எழுதின மாதிரிதான். வந்திருந்த முதியவர்கள் எல்லாரும் செலெஸ்தினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேரே பார்த்தபடி அசையாமல் இருந்தாள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

அன்று மாலையே மாடிப்படியில் ஆரெலி அவளை மறித்தாள். அழுது முடித்த முகம்.

"அந்தப் பேச்சு பூரா யாரும் ஒண்ணும் செய்யல, கவனிச்சியா? எல்லாம் தானா நேர்ந்துச்சு, தானா நடந்துச்சு. செஞ்சவ ஒரே ஒருத்திதான். ஏழு வயசுப் பொண்ணு."

மற்றவர்களுக்காக எத்தனையோ வருத்தம் எழுதின மர்கரீத்துக்குத் தனக்கென்று ஒரு வார்த்தை அகப்படவில்லை. "நான் வந்து அம்மாகிட்ட..." என்று தொடங்கினாள்.

"வராத. கன்னியாஸ்திரீங்க எழுதி வச்சத எடுத்துப் படிச்சாங்கன்னு அம்மா நெனச்சிட்டிருக்காங்க. நான் உங்கிட்ட சொன்னேன்னு தெரியாது. நீ வந்து அழுது உன் பாரத்த இறக்கி வச்சுட்டுப் போயிடுவ. அதோட அம்மாவுக்கு நானும் இல்லாமப் போயிடுவேன். சின்னம்மா ஏற்கெனவே பேசறதில்ல. கார் து நோர் ரயிலடிப் பக்கம் மத்தவங்க தங்கியிருக்கிற ஓட்டலுக்குப் போயிட்டாங்க."

மறுநாள் மர்கரீத், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அச்சிட்ட உரையிலாவது மீதியைச் சேர்க்க முடியுமா என்று பிராங்க்கிடம் கேட்டாள். அமைச்சர் பேசியதுதான் உரை என்றான் அவன். பத்திரிகைகளில் அந்த இடத்தைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாராட்டும் சொன்னான். வீட்டில் தியரி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

செலெஸ்தின் ஊர் திரும்பும் நாள், மத்தியானம், மர்கரீத் ரூ காய்க்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாள். மகேந்திரராசாவின் கடைக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் போட்ட முக்காலியில் செலெஸ்தின் உட்கார்ந்திருந்தாள். ஆரெலி உள்ளே, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், அம்மாவுக்கு மசாலாத்தூள் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக நேரமில்லை.

"வாங்கோ அக்கா, இஞ்சை வாங்கோ" என்றார் மகேந்திரராசா. வானொலியில் உரையைக் கேட்டிருந்தார், அது மர்கரீத்தின் அமைச்சகம் என்பதும் அவருக்குத் தெரியும். "கேட்டனான் அக்கா. நல்ல உருக்கமாக் கிடந்தது. எங்கட சனத்திட்டை இப்பிடி ஒருத்தரும் வந்து மன்னிப்புக் கேக்கேல்லை. அதிலை, தெரியாது எண்டு சொன்ன அந்தப் பெட்டை, அதுதான் அக்கா மனசிலை நிக்குது. சொந்தத் தம்பியை ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ?"

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மர்கரீத்.

"நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?" என்று அவர் முகம் கறுத்து, கறிவேப்பிலையை நிறுக்கத் திரும்பினார்.

தமிழ் தெரியாத செலெஸ்தின் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். மகளின் சிநேகிதி என்று மர்கரீத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கை காய்ந்து லேசாக இருந்தது. பிரெஞ்சில் கேட்டாள்.

"நீங்க அரசாங்கத்துல வேலை பாக்கறீங்களாமே. அந்தப் பேச்ச எழுதினவங்களத் தெரியுமா?"

மர்கரீத் தராசின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"தெரிஞ்சா ஒண்ணு சொல்லுங்க. அதுல பாதிதான் இருக்கு. நான் தெரியாதுன்னு சொன்னது நெசம். அத மறுக்கல. ஆனா அப்புறம் ஓடிப்போயி அவன் பக்கத்துல முழங்கால் போட்டேன். எனக்கே அது மறந்துபோச்சு, அமைச்சர் பாதியில நிறுத்தினப்பதான் ஞாபகம் வந்துச்சு. தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ நம்பல. அமைச்சர் படிச்சதுல அது இல்லியே, இப்பதானே நீ சேத்துச் சொல்றங்கறா. அவ சொல்றதும் நியாயந்தானே, அவங்ககிட்ட எழுத்துல இருக்கு, எங்கிட்ட என்னா இருக்கு? எழுதினவங்க வந்து ஒரு வார்த்த சொன்னா நம்புவா. சாயங்காலம் ஒரே விமானத்துலதான் போறோம்."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஆரெலி தலையை நீட்டிப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள். கண்ணில் கெஞ்சல்.

சொல்கிறேன், எழுதினவர்களிடம் கட்டாயம் சொல்கிறேன் என்று மர்கரீத் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இந்தக் கிழவி இத்தனை தூரம் வந்தது செய்தவர் வாயால் ஒரு வார்த்தை கேட்கத்தான் என்பதும் கூடவே வந்தது.

"எழுதினது நான்தாம்மா" என்றாள்.

செலெஸ்தின் கையை விடவில்லை. பிறகு மெதுவாக அரிசி மூட்டைகளின் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள். கன்னியாஸ்திரீகள் எழுதி வைக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி மர்கரீத்திடம் திரும்பினாள்.

"அப்ப மீதியும் உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"தெரிஞ்சிருந்துச்சு."

செலெஸ்தின் முக்காலியிலிருந்து எழுந்தாள். "வா. வந்து சொல்லு."

கார் து நோர் பக்கம் அந்த ஓட்டலுக்கு அதிக தூரமில்லை. ஆனால் கிழவியின் நடைக்கு நேரமாயிற்று. ஆரெலி பைகளோடு பின்னால் தள்ளி வந்தாள். ஓட்டல் முன்கூடத்தில் தங்கை பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அக்காளைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மர்கரீத் நின்றபடியே சொன்னாள். "பேச்ச எழுதினது நான். உங்க அக்கா தம்பிகிட்ட ஓடிப்போயி முழங்கால் போட்டது எனக்குத் தெரியும். மொதல்ல எழுதியிருந்தேன். நான்தான் வெட்டினேன்."

"ஏன்?"

"அமைச்சருக்கு வழக்கு வரும்னு சொன்னாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாதியில நின்னா கேக்க நல்லாவும் இருந்துச்சு."

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று மர்கரீத் காத்திருந்தாள், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தங்கை அக்காளிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். செலெஸ்தின் பதில் சொன்னாள். மறுபடி கேள்வி, மறுபடி பதில். நடுவில் ஒரு இடத்தில் செலெஸ்தினின் குரல் குழந்தைக் குரலாக மாறிற்று. தங்கை பெட்டியை நகர்த்தி இடம் விட்டாள், அக்காள் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தம்பிக்காக அழுதார்கள். மர்கரீத்தை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. சற்று நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஆரெலி இரண்டு கையிலும் பைகளோடு நின்றாள். உள்ளே போக அவளுக்கு மனம் வரவில்லை.

"சின்னம்மா நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க."

"அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

உத்தியோக வழக்கப்படி மர்கரீத்துக்கு நாலைந்து நல்ல பதில்கள் தோன்றின. "இல்ல" என்றாள்.

ஆரெலி பைகளை மர்கரீத்தின் காலடியில் வைத்தாள். "உள்ள கொண்டுபோய்க் குடுத்துடு. என் கையால வேணாம்" என்று சொல்லிவிட்டு, ரயிலடிப் பக்கம் நடந்தாள்.